இறுதிப் போட்டி இல்லாத சாம்பியன்

மலைக்குக் கீழே ஓர் ஊரில் நடந்த ஒரு நாள் கால்பந்துப் போட்டிக்கு ஜவ்வாது மலையிலிருந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஜமுனாமரத்தூரில் முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக அவர்களில் சிலர் தங்கள் ஊரிலிருந்து இருட்டிலேயே நடந்து வந்திருந்தார்கள். ஒன்பதரைக்கு எங்கள் ஆட்டம். பாதிக்கு இருபது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. டை-பிரேக்கரில் எங்கள் நான்காவது பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவ்வளவுதான், பத்தரைக்குள் எங்கள் போட்டி முடிந்துவிட்டது. மலையேறும் பஸ் மாலையில்தான். அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம். அணியிலேயே சின்னவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், நமக்கு அடுத்த மேட்ச் எப்ப?" என்று கேட்டான். நாக்-அவுட் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

போட்டி நடத்தியவர்கள் நல்லவர்கள். மதியம் எங்களுக்கும் சாப்பாடு போட்டார்கள். அடுத்த முறை லீக்காக வைக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் உண்மையான வியப்போடு திருப்பிக் கேட்டார்: "ஃபைனல்னு ஒண்ணு இல்லாம யாரு சாம்பியன்னு எப்படிங்க சொல்றது?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. டீக்கடையில் கேட்கிறது, தொலைக்காட்சி வர்ணனையில் கேட்கிறது, இந்தியக் கால்பந்தை நடத்துகிறவர்களின் விதிப் புத்தகத்திலும் பல ஆண்டுகள் இதுவே எழுதாத முதல் விதியாக இருந்தது. கடைசி நாளில், பெரிய கூட்டத்தின் முன்னால், தோற்றால் எல்லாம் போச்சு என்கிற ஆட்டத்தில் ஜெயிக்கிறவன்தான் சாம்பியன். புள்ளிப் பட்டியலில் முதலிடம் என்பது பரீட்சைக்கு முந்தைய வருகைப் பதிவேடு மாதிரி என்பது இந்தக் கருத்து. இதை முழுக்கத் தவறு என்று நான் நினைக்கிறேன். நியாயத்தின்படியும் தவறு, கால்பந்தின் கணக்குப்படியும் தவறு. சுவாரஸ்யத்துக்காக என்று சொல்கிறார்களே, அந்த வகையிலும் தவறு.

இந்தப் பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். 2010-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் பட்டியலில் மூன்றாம் இடம்; முதலிடத்தில் இருந்த மும்பையை இறுதிப் போட்டியில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. தமிழ்நாடு கொண்டாடியது. மூன்றாம் இடம் என்பதை அன்று யாரும் பேசவில்லை, இன்றும் பேசுவதில்லை. 2014-இல் கால்பந்துக்கு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது அதே அச்சில்தான் வார்த்தார்கள். லீக் ஆட்டங்கள், பிறகு முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி, பிறகு ஃபைனல். நம் ஊர்ப் போட்டி நோட்டீஸ்களில் 'லீக் கம் நாக்-அவுட்' என்று போடுவார்களே, அதேதான்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஃபைனலை எடுத்துக்கொள்கிறேன். அதில் வென்றது நம் சென்னையின் எஃப்.சி. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூருக்கு கோல் போட்டுவிட்டார். மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல் அடித்து முன்னிலை வாங்கித் தந்தார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசியில் 3-2. எதிரியின் சொந்த மைதானத்தில், எதிரியின் கூட்டத்துக்கு நடுவே. நானும் அன்று துள்ளிக் குதித்தேன்.

ஆனால் அந்தப் பருவத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 18 ஆட்டங்களில் பெங்களூருக்கு 40 புள்ளி, இரண்டாம் இடத்தில் இருந்த சென்னையினுக்கு 32. எட்டுப் புள்ளி என்பது ஏறக்குறைய மூன்று வெற்றி. பெங்களூரு 13 ஆட்டங்களில் வென்றது, சென்னையின் ஒன்பதில். நான்கு மாதம், ஊர் ஊராக, வெயிலிலும் பனியிலும், காயம்பட்டவனுக்குப் பதில் இன்னொருவனை இறக்கி, கடுப்பான நாட்களிலும் டிரா எடுத்துச் சேர்த்த அந்த வித்தியாசம் ஒரே மாலையில் ஒன்றுமில்லாமல் ஆனது. பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்கு அன்று தனிக் கோப்பை எதுவும் கிடையாது. சென்னையின் ஏமாற்றவில்லை. இருந்த விதிப்படி நேர்மையாக வென்றது. நான் குறை சொல்வது விதியை. என் ஊர் அணிக்கு லாபமாக முடிந்தது என்பதற்காக ஒரு தவறான விதி சரியாகிவிடாது.

'அழுத்தமான நேரத்தில் நிற்பவன்தானே வீரன்' என்பார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கால்பந்தின் இயல்பை யோசித்தால் இது நிற்காது. கிரிக்கெட்டில் ஒரு இருபது ஓவர் ஆட்டத்தில்கூட ஒரு பக்கத்துக்கு 120 பந்து. ஒரு பந்தின் அதிர்ஷ்டத்தை அடுத்த பந்து ஈடுகட்டும். கால்பந்தில் தொண்ணூறு நிமிடத்துக்கு இரண்டு கோல், மூன்று கோல். யாரோ ஒருவர் முழங்காலில் பட்டுத் திசை மாறும் பந்து, நடுவர் கவனிக்காமல் கையில் பட்ட ஒரு பந்து, ஈரத்தில் வழுக்கும் கோல்கீப்பரின் கால் என்று ஏதாவது ஒன்று ஆட்டத்தையே முடித்துவிடும். அதனால்தான் கால்பந்தில் நலிந்த அணி வலிய அணியை வெல்வது அடிக்கடி நடக்கிறது. அதுதான் இந்த ஆட்டத்தின் அழகும்கூட. அந்த அழகை ரசிப்பது ஒன்று. அதையே அளவுகோலாக வைத்து, ஆண்டின் சிறந்த அணி இதுதான் என்று தீர்ப்பு எழுதுவது வேறு.

எங்கள் மலையிலேயே காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988-இல் அங்கே ராஜமோகனும் அவர் குழுவினரும் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். சிறுகோள் தேடுகிற வேலை எப்படி நடக்கும் என்பது பையன்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை. வானத்தின் ஒரே பகுதியை மறுபடி மறுபடி படமெடுப்பார்கள். ஒரு படத்தில் தெரியும் புள்ளி நட்சத்திரமாக இருக்கலாம், படத் தகட்டில் இருக்கும் குறையாகவும் இருக்கலாம். அடுத்த படத்தில் அது நகர்ந்திருக்க வேண்டும். அதற்கடுத்த இரவுகளில் கணக்கிட்ட இடத்தில் அது வந்து நிற்க வேண்டும். பல இரவுகளின் சாட்சி இல்லாமல் வானியலில் யாரும் ஒரு புதிய சிறுகோளுக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். ஒரு மாலையின் சாட்சியை வைத்துக்கொண்டு கால்பந்தில் மட்டும் ஏன் பெயர் வைக்கிறோம்?

அழுத்தம் என்பது ஃபைனலில் மட்டும்தான் இருக்கிறது என்கிற நம்பிக்கையையும் உடைக்க வேண்டும். அதற்கு நமக்குக் கோயம்புத்தூரே போதும். 2019 மார்ச் 9, நேரு மைதானம், இந்தியாவின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். அந்தப் போட்டிக்கு ஃபைனல் கிடையாது. 20 ஆட்டங்களின் முடிவில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர் சாம்பியன். முதலிடத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., ஒரே ஒரு புள்ளி பின்னால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபுடன் கோவையில் ஆடியது. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. முதல் பாதி முழுவதும் கோவையில் இருந்த கூட்டத்தின் ஒரு கண் மைதானத்தில், மறு கண் கோழிக்கோட்டுச் செய்தி வரும் கைப்பேசியில். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கோழிக்கோட்டில் கோகுலம் முந்தியது; பிறகு ஈஸ்ட் பெங்கால் சமன் செய்து, கடைசி நிமிடங்களில் முந்தியும் விட்டது. ஆனால் கோவையில் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். சென்னை சிட்டி 3-1. கடைசிக் கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

இதைவிட அழுத்தமான மாலை எந்த ஃபைனலில் இருக்கிறது? இந்த அழுத்தத்தை யாரும் ஜோடித்து வைக்கவில்லை. ஐந்து மாத ஆட்டங்கள் தாமாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. அன்று போரா அடித்த கோலுக்கு எவ்வளவு மதிப்போ, அதே மதிப்பு அக்டோபரிலோ நவம்பரிலோ யாரும் கவனிக்காத ஒரு டிராவில் கோல் விழாமல் தடுத்த பின்வரிசைக்காரனுக்கும் உண்டு. அவன் அன்று விட்டிருந்தால் 43 என்பது 42 ஆகியிருக்கும். லீக் என்பது எல்லா ஆட்டத்துக்கும் ஒரே விலை போடும் முறை. தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. 2015-லும் 2018-லும் சென்னையின் வென்ற ஃபைனல்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கோவையின் அந்த மாலையை விளையாட்டு வாத்தியார்கள்கூட மறந்துவிட்டார்கள். ஃபைனலே சாம்பியன் என்கிற எண்ணம் செய்த சேதங்களில் எனக்கு மிகவும் வலிப்பது இது.

பெண்கள் கால்பந்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரல், மே மாதங்களில் புவனேஸ்வரில் இந்திய மகளிர் லீக் ஃபைனல் இல்லாமல் நடந்தது. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒரு முறை ஆடின. கடைசி நாள் வந்தபோது மதுரையின் சேது எஃப்.சி.யும் கோகுலம் கேரளாவும் அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்தையும் வென்று நேருக்கு நேர் நின்றன. கோகுலம் 3-1 என்று வென்றது. சேதுவுக்காக வருந்தினேன், ஆனால் அந்த முடிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடித்துவிட்ட பிறகு, ஃபைனலுக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிச்சமில்லை என்பதுதான் என் வாதத்தின் மையம். உலகக் கோப்பைக்கு ஃபைனல் வேண்டும். அத்தனை நாடுகளும் ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று ஆட முடியாது. அங்கே ஃபைனல் ஓர் உண்மையான சந்தேகத்தைத் தீர்க்கிறது. லீக் முடிந்த பின் வைக்கும் ஃபைனல், ஏற்கெனவே விடை தெரிந்த கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறது. இதற்கு 2020-21 ஐ.எஸ்.எல். பருவத்தைவிட நல்ல சாட்சி இல்லை. பிப்ரவரி 28 அன்று லீக்கின் கடைசி ஆட்டம் மும்பை சிட்டிக்கும் ஏ.டி.கே. மோகன் பகானுக்கும். மும்பை 2-0 என்று வென்றது. இரண்டும் 40 புள்ளியில் சமமாயின. அந்தப் பருவத்தில் இரு முறை மோதியபோதும் மும்பையே வென்றிருந்ததால் முதலிடமும் கேடயமும் மும்பைக்கு. ஒரு லீக் இதைவிடத் தெளிவாக முடிய முடியாது. ஆனால் இரண்டு வாரம் கழித்து மார்ச் 13 அன்று அதே இரண்டு அணிகளும் ஃபைனலில் மறுபடி நிறுத்தப்பட்டன. மும்பை 2-1 என்று கடைசி நிமிடத்துக் கோலில் தப்பியது. பந்து கொஞ்சம் வேறு மாதிரி எகிறியிருந்தால், பருவத்தில் மும்பையிடம் இரண்டு முறை தோற்று ஒரு முறை வென்ற அணியை 'சாம்பியன்' என்று அழைத்திருப்போம்.

2019-20 முதல் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்குக் கேடயம் கொடுக்கத் தொடங்கினார்களே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். கேடயம் வந்தது நல்ல காரியம். அந்த முதல் ஆண்டில் கேடயம் வாங்கிய எஃப்.சி. கோவாவுக்குத்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும் போனது. ஆசியாவின் முதல் மேடைக்கு அனுப்பப் பட்டியல் போதும், 'சாம்பியன்' என்று கூப்பிட மட்டும் போதாது என்றால் அதில் என்ன நியாயம்? அந்த ஆண்டு ஏ.டி.கே. ஃபைனலை வென்றது, பேப்பரில் 'ஐ.எஸ்.எல். சாம்பியன்' என்று வந்தது அதன் பெயர்தான். பெயர்தானே என்று தள்ளிவிட முடியாது. பத்து வயதுப் பையன் மனதில் நிற்பது பெயர் மட்டும்தான்.

சுவாரஸ்யத்துக்கு வருவோம். ஃபைனல் இல்லாவிட்டால் கூட்டம் வராது, ஒரு அணி முன்னாலேயே ஓடிவிட்டால் மிச்ச ஆட்டங்கள் செத்துவிடும் என்கிறார்கள். பிரேசில் இதைச் சோதித்துப் பார்த்த நாடு. 2002 வரை அவர்களும் லீக் முடிந்து நாக்-அவுட் வைத்துத்தான் தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு சாவ் பாவ்லோ முதலிடம். எட்டாம் இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த சான்டோஸ் காலிறுதியில் சாவ் பாவ்லோவையே வெளியேற்றிக் கடைசியில் கோப்பையையும் வாங்கியது. இளம் ரொபினோவும் தியேகோவும் ஆடிய அணி அது, பார்க்கக் கண்கொள்ளாது. ஆனாலும் 2003-இல் பிரேசில் அந்த முறையைக் கைவிட்டு, எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடும் முறைக்கு வந்தது. அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. கால்பந்தின் ரசனையை பிரேசிலுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை.

இங்கிலாந்தில் 1989 மே 26 அன்று ஆர்சனல் லிவர்பூல் மைதானத்துக்குப் போய் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டிய நிலை. கடைசி நொடிகளில் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோலைப் போட்டார். இரண்டு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் சமம். மொத்தம் அடித்த கோல் எண்ணிக்கையில் ஆர்சனல் சாம்பியன். அதற்கு யாரும் ஃபைனல் என்று பெயர் வைக்கவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் அதைவிட நினைவில் நிற்கும் இரவுகள் குறைவு.

நடு ஆட்டங்கள் செத்துப்போவது உண்மைதான். நோய் அதுவென்று ஒப்புக்கொள்கிறேன், மருந்து ஃபைனல் இல்லை. பட்டியலின் அடியில் இருக்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் என்றிருந்தால் பத்தாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் நடக்கும் ஆட்டத்தில் உயிர் இருக்கும். ஐ.எஸ்.எல். தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு ஓர் அணியும் ஆட்டத்தால் கீழே இறங்கவில்லை. ஐ-லீக் வென்று மேலே வருவதுகூட 2023-இல் பஞ்சாப் எஃப்.சி.யோடுதான் தொடங்கியது. அடியில் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, காற்று வரவில்லை என்று உச்சியில் ஓட்டை போட்ட கதை இது.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்று இருக்கிறது. இந்தியக் கால்பந்தின் ஆன்மாவே கோப்பை என்பது அது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் போட்டியில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் பிரிட்டிஷ் படைப்பிரிவான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்ததே, அது லீக்கில் நடந்திருந்தால் நாட்டை உலுக்கியிருக்குமா? உலுக்கியிருக்காது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெற்றி ஏன் அவ்வளவு பெரிது என்று பாருங்கள். வெல்ல முடியாதவர்கள் என்று நினைத்தவர்களையும் ஒரு நாள் வெல்லலாம் என்று காட்டியது அது. கோப்பையின் பெருமை அதுதான்: எளியவனுக்கும் ஒரு நாள் உண்டு. அந்தப் பெருமையை நான் தொடவில்லை. டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது, நடக்கட்டும். கோப்பை கோப்பையாகவும் லீக் லீக்காகவும் இருக்கட்டும். இரண்டையும் ஒட்டுப்போட்டால் கோப்பையின் கதவும் நான்கு பேருக்கோ ஆறு பேருக்கோ மட்டும் திறக்கிறது, லீக்கின் தீர்ப்பும் செல்லாமல் போகிறது.

அதே 1888-இல்தான் இங்கிலாந்தில் உலகின் முதல் கால்பந்து லீக்கும் பிறந்தது. ஏன் பிறந்தது என்பதை நம் போட்டி நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை அங்கே பெரிய போட்டி என்றால் எஃப்.ஏ. கோப்பைதான். அதில் தோற்றுவிட்டால் மிச்சப் பருவத்துக்கு நிச்சயமான ஆட்டம் கிடையாது. பேசி வைத்த நட்பு ஆட்டங்களும் கடைசி நேரத்தில் ரத்தாகும். கூட்டம் வராமல், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் கிளப்புகள் தவித்தன. ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்ரெகர் மார்ச் மாதம் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார்: உள்ளூரிலும் வெளியூரிலுமாக நிச்சயமான ஆட்டங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வோம். பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்தன. செப்டம்பரில் ஆட்டம் தொடங்கிவிட்டது; வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று என்று தீர்மானித்ததே நவம்பரில்தான். அதாவது, யார் சாம்பியன் என்பது அவர்களுக்கு இரண்டாவது கவலை. முதல் கவலை, அடுத்த ஆட்டம் எப்போது என்பது. வேப்பமரத்தடியில் எங்கள் சின்னவன் கேட்டதும் அதைத்தான்.

பட்டியலே தீர்ப்பு என்றால் கடைசியில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வருகிறதே என்று 2024-25 ஐ-லீக்கைக் காட்டுகிறார்கள். ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸை வெற்றியாளராக அறிவித்தார்கள். தகுதியில்லாத ஆட்டக்காரரை நாம்தாரி அணி இறக்கியது உள்ளிட்டவை பற்றிய வழக்குகள் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில் இன்டர் காசி சாம்பியன் என்று தீர்ப்பாயிற்று. வெட்கப்பட வேண்டிய காரியம்தான். ஜனவரியில் நடந்த ஆட்டத்தின் புள்ளியை ஜனவரியிலேயே தீர்க்காதவர்களின் வெட்கம் அது. தராசைப் பிடித்தவர் தூங்கினால் தராசு என்ன செய்யும்?

இனி ஊர்ப் போட்டி. லீக் வைக்க நாளும் இல்லை, காசும் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு அணிகள் என்றால் நாக்-அவுட்டில் மொத்தம் ஏழு ஆட்டம். நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். ஒரே நாள்தான் மைதானம் கிடைக்கும் என்றால், நான்கு நான்கு அணியாக இரண்டு பிரிவு வையுங்கள். பாதிக்குப் பத்து நிமிடம் என்றால் பன்னிரண்டு ஆட்டமும் இடைவேளைகளோடு ஐந்து மணி நேரத்தில் முடியும். ஒவ்வொரு பையனுக்கும் மூன்று ஆட்டம். இரண்டு பிரிவிலும் முதலில் வந்தவர்கள் ஒருவரோடொருவர் ஆடியதில்லை, ஆகவே அவர்களுக்கு ஃபைனல் வையுங்கள். அந்த ஃபைனலுக்கு நியாயம் இருக்கிறது.

நாள் இருக்கிறதென்றால் முழு லீக்காக வையுங்கள். எட்டு அணிக்கு 28 ஆட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு, ஏழு வாரம். ஒவ்வொரு வாரமும் மலைப் பையன்களே கீழே இறங்க வேண்டும் என்றால் பஸ் காசுக்கு வழியில்லை. அதனால் ஒரு வாரம் கீழே, ஒரு வாரம் மேலே. ஜமுனாமரத்தூர் வரைக்கும் கீழேயிருந்து யாரும் பந்து ஆட வரமாட்டார்கள் என்று என்னிடம் சொன்னவர்கள், யாரையும் கேட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. நான் கேட்டேன். சாமை அறுப்பு முடிந்த பிறகு என்றால் வருகிறோம் என்று கீழே இரண்டு அணிகள் சொல்லியிருக்கின்றன. மலையில் இரண்டு அணிகள் தயார். கரும்பலகையில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியைப் போட்டு, பக்கத்தில் நான்கு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் நான்கு வேண்டும்.